சத்தம் கேட்கிறது, கதை விளங்கவில்லை: ஓர் ஆசிரியைக்குப் பதில்

கடிதத்தின் சுருக்கம்

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் கற்பிக்கும் 56 வயது ஆசிரியை எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டேன். வீட்டில் ஒருவரோடு ஒருவர் இருந்து கதைக்கும்போது அவருக்கு ஒரு குறையும் இல்லை. தொலைபேசியிலும் பிரச்சினை இல்லை. ஆனால் மூன்று நான்கு வருடங்களாகக் கலியாண வீடு, செத்தவீடு, சந்தை, ஆசிரியர் ஓய்வறை என்று நாலு பேர் கூடும் இடங்களில் "சத்தம் கேக்குது, என்ன கதைக்கினம் எண்டு விளங்குதில்லை" என்கிறார்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒருநாள் பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை "தாள் முடிஞ்சுது ரீச்சர்" என்று சொல்ல, இவர் பதறிப்போய் "கால் முறிஞ்சுதோ? ஆருக்கு?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து பின்வரிசையில் இருப்பவர்களிடம் கேள்வி கேட்பதையே குறைத்துவிட்டாராம். கணவரோ, "தேவையில்லாத கதை மட்டும் உமக்கு வடிவாக் கேக்குது" என்கிறார்.

கேள்திறன் பரிசோதனை செய்த இடத்தில் "இலேசான குறைபாடுதான், செவிப்புலன் கருவி தேவையில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கனடாவிலிருக்கும் மகன் இணையத்தில் வாங்கி அனுப்பிய ஒலிபெருக்கும் கருவியை ஒரு கலியாண மண்டபத்தில் போட்டுப் பார்த்து, அரை மணித்தியாலத்தில் தலையிடியோடு கழற்றிவிட்டார். தாயாருக்குக் கடைசிக் காலத்தில் மறதிநோய் இருந்ததால், தனக்கும் அதுதான் தொடங்குகிறதோ என்ற பயம் வேறு. 60 வயதுக்கு முன்பே ஓய்வுபெற விண்ணப்பக் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். காதா மூளையா, கருவி போட்டால் இருக்கிற காதும் கெட்டுவிடுமா, அதிபரிடம் சொல்வதா, வேலையை விடுவதா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள ரீச்சர்,

முதலில் அந்த ஓய்வு விண்ணப்பக் கடிதம். மேசைக்குள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கேயே இருக்கட்டும். உங்கள் காதுக்கு ஒழுங்கான வைத்தியம் எதுவும் இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் வேலையை விடுவது அவசரம். ஓய்வுபெற்று வீட்டில் இருந்தாலும் கலியாண வீடும் செத்தவீடும் சந்தையும் இருக்கத்தானே போகின்றன?

34 என்ற சராசரிக்குள் இருப்பது

நீங்கள் எழுதிய எண்களை வைத்தே சொல்கிறேன். இரண்டு காதிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி: 500, 1000 ஹேர்ட்ஸில் 25 டெசிபல், 2000இல் 30, 4000இல் 55, 8000இல் 60. ஹேர்ட்ஸ் என்பது ஒலியின் மீடிறன், எண் கூடினால் ஒலி கீச்சென்று உயரும். டெசிபல் என்பது அந்த ஒலி உங்களுக்குக் கேட்க எவ்வளவு பலமாக இருக்கவேண்டும் என்பது, எண் கூடினால் குறையும் கூட. முதல் நான்கு மீடிறன்களுக்கும் உரிய எண்களைக் (25, 25, 30, 55) கூட்டி நான்கால் பிரித்தால் ஏறக்குறைய 34 வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட தரப்படுத்தலில் 20 முதல் 35 வரை இலேசான குறைபாடு. ஆகவே உங்களுக்குச் சொன்னது பொய் அல்ல. ஆனால் அதே அட்டவணையில், இந்த நிலையில் உள்ளவர்களுக்கு அமைதியான இடத்தில் கதை விளங்கும், சத்தமான இடத்தில் சிரமப்படலாம் என்றும் எழுதியிருக்கிறது. அந்த இரண்டாம் பாதியை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. "இலேசான" என்ற சொல்லைக் கேட்டு எத்தனையோ பேர் வீட்டுக்குப் போய்ப் பத்து வருடம் கழித்துத் திரும்பி வருகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் பெரிய விருப்பம் இல்லை.

சராசரியை விட்டுவிட்டு 4000இல் உள்ள 55ஐப் பாருங்கள். அது இலேசானது அல்ல. பேச்சில் ஆ, ஓ, உ போன்ற உயிரொலிகள் பலமானவை, அவற்றின் சக்தி பெரும்பாலும் தாழ்ந்த மீடிறன்களில் இருக்கிறது. உங்கள் காது அங்கே நன்றாகவே வேலை செய்கிறது. அதனால்தான் ஆள் கதைப்பது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது. க, ச, த, ட, ப போன்ற வல்லினங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுணுக்கங்கள் கண நேரத்தில் வந்து மறைபவை, பலம் குறைந்தவை. அவற்றில் பெரும்பங்கு 2000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. இப்போது அந்தப் பிள்ளை சொன்னதை மீண்டும் பாருங்கள். "தாள் முடிஞ்சுது" என்பதில் எல்லா உயிரொலியும் உங்களுக்குச் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது. தவறியவை 'த', 'ள்', 'டி' ஆகியவற்றின் மெய்யொலிகள் மட்டும். அந்த இடைவெளியை நிரப்ப மூளை தனக்குத் தெரிந்த சொற்களில் பொருத்தமானதைத் தேடி "கால் முறிஞ்சுது" என்று கொடுத்திருக்கிறது. கவனமில்லாத மூளைக்கு அந்த வேலை வராது.

அமைதியான அறையில் இந்தக் குறை ஏன் தெரிவதில்லை? உட்காதில் நத்தைச்சுருளுக்குள் இரண்டு வகை மயிர்க்கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு காதிலும் உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. உள்வரிசை ஒலியை மூளைக்கு அனுப்புகிறது. வெளிவரிசை இரண்டு வேலை செய்கிறது: மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிறது, அருகருகே உள்ள ஒலிகளைக் கூர்மையாகப் பிரித்தும் கொடுக்கிறது. வயதாலும் சத்தத்தாலும் முதலில் கெடுவது பெரும்பாலும் இந்த வெளிவரிசைதான், அதிலும் உயர்ந்த ஒலிகளுக்கான பகுதி. மனிதருக்கு இவை மீண்டும் முளைப்பதில்லை. மா அரிக்கும் அரிதட்டின் கண் பெரிதாகிவிட்டால் மாவோடு கப்பியும் சேர்ந்து இறங்குவதுபோல, பக்கத்தில் கதைப்பவரின் சொல்லும் பின்னால் ஓடும் மின்விசிறியின் இரைச்சலும் ஒன்றாகக் கலந்து உள்ளே போகின்றன. பெருக்கும் வேலையில் உள்ள குறையைக் கருவி ஓரளவு ஈடுசெய்யும். பிரிக்கும் வேலையை முழுதாகத் திருப்பித் தர இன்றுள்ள எந்தக் கருவியாலும் முடியாது.

இன்னொன்றும் நடக்கிறது. பலர் கூடிக் கதைக்கும் இடத்தில் சத்தம் ஒரே அளவாக இருப்பதில்லை, நொடிக்கு நொடி ஏறி இறங்கும். நல்ல காது அந்த இறக்கங்களில் புகுந்து சொல்லின் துண்டுகளைப் பொறுக்கிக்கொள்கிறது. குறைபாடுள்ள காதுக்கு அந்தச் சிறிய இடைவெளிகள் தெரிவதில்லை. இத்தனை குரல்களுக்குள் ஒரு குரலை மட்டும் மனிதர் எப்படிப் பின்தொடர்கிறார் என்பதைக் கொலின் செரி என்பவர் 1953இலேயே ஆராய்ந்தார். இரண்டு காதுக்கும் ஒலி வந்துசேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள சிறு வித்தியாசம் இதில் பெரிதும் உதவுகிறது என்பது இன்று நன்றாகத் தெரியும். கருவி போடுவதென்றால் இரண்டு காதுக்கும் போடச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அடைத்த அறைக்குள் இருந்து ஒவ்வொரு 'பீப்' ஒலியாகக் கேட்டுப் பொத்தானை அமர்த்தும் பரிசோதனை, மிக மெல்லிய ஒலி எது கேட்கிறது என்பதைத்தான் அளக்கிறது. சத்தத்துக்குள் வசனம் விளங்குகிறதா என்று அளக்க வேறு பரிசோதனைகள் இருக்கின்றன. அவ்வகையில் பரவலாகப் பயன்படும் ஒன்றில், நல்ல காதுள்ளவருக்குப் பேச்சு பின்னணி இரைச்சலைவிட 2 டெசிபல் உயர்ந்திருந்தாலே பாதி விளங்கிவிடுகிறது. அதற்கு மேல் 3 முதல் 7 டெசிபல் கூடுதலாகத் தேவைப்பட்டால் இலேசான குறை, 7 முதல் 15 என்றால் நடுத்தரம் என்று கணக்கு. ஒரே மாதிரி ஓடியோகிராம் (பீப் பரிசோதனையின் முடிவைக் காட்டும் வரைபடம்) உள்ள இருவருக்கு இந்த அளவு வெகுவாக வேறுபடலாம். அடுத்த முறை போகும்போது, பீப் ஒலியோடு நிறுத்தாமல் தமிழ்ச் சொற்களை வைத்தும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

1990இல் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நேரம் பக்கத்து வளவில் குண்டு விழுந்து, நாட்கணக்காகக் காது இரைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வெடிப்பு அதிர்ச்சி உயர்ந்த ஒலிப் பகுதியை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. சத்தத்தால் வந்த பாதிப்பென்றால் ஓடியோகிராமில் பெரும்பாலும் 4000 அளவில் பள்ளம் விழுந்து 8000இல் சற்று மீளும். வயது போகப்போக அந்தப் பள்ளம் மூடிச் சரிவாகிவிடும். ஆகவே உங்கள் சரிவில் எவ்வளவு வயது, எவ்வளவு 1990 என்று இன்று பிரித்துச் சொல்ல வழியில்லை. செய்யவேண்டியதும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

மறதி பற்றிய பயம்

சரியாகக் கேட்காத ஒன்றை நினைவில் வைத்திருக்க முடியாது. அதை மறதி என்று எண்ணிப் பயப்படுகிறவர்கள் ஏராளம். ஒவ்வொரு சொல்லையும் ஊகித்து நிரப்புவதிலேயே மூளை களைத்துப்போவதால், கேட்டதை மனதில் பதிக்க அதற்குத் தெம்பு மிஞ்சுவதில்லை. பின்னேரம் பாடசாலை விட்டு வந்ததும் ஒருவரோடும் கதைக்கப் பிடிக்கவில்லை என்று சொன்னீர்களே, அந்த அலுப்பும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அமைதியான இடத்தில் ஒருவர் உங்களுக்கு முன்னால் இருந்து சொன்னவை அடுத்த நாள் ஞாபகம் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். இருந்தால் பயப்பட அதிகம் இல்லை. தெரிந்த பாதை, பழகிய வேலை, நெருங்கியவர்களின் பெயர்கள் அமைதியான நேரத்திலும் தடுமாறினால் மட்டும் அதற்குரிய வைத்தியரைப் பாருங்கள்.

கேள்திறன் குறைவுக்கும் மறதிநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் "கருவி போடாவிட்டால் மறதிநோய் வரும்" என்று சிலர் விற்பனைக்காகப் பயமுறுத்துவதை நம்பவேண்டாம். 2023இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 70 முதல் 84 வயதான 977 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். கருவி கொடுத்ததால் மொத்தக் குழுவில் நினைவாற்றல் இழப்பு குறையவில்லை. ஏற்கனவே ஆபத்துக் கூடுதலாக இருந்தவர்களில் மட்டும் இழப்பின் வேகம் 48 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு 56 வயது. வகுப்பும் வீடும் நன்றாக விளங்கவேண்டும் என்பதற்காகக் கருவியைப் பற்றி யோசியுங்கள், அந்தக் காரணம் போதும்.

மகன் அனுப்பிய கருவி

மகன் அன்பாகத்தான் அனுப்பியிருக்கிறார், அவரைக் கோபிக்கவேண்டாம். அவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கூட்டிக் கொடுப்பவை. தாழ்ந்த ஒலிகள் உங்களுக்கு ஏற்கனவே நன்றாகக் கேட்கின்றன. மண்டபத்தில் தவிலும் நாதஸ்வரமும் கதிரை இழுக்கும் சத்தமும் தட்டுச் சத்தமும் இன்னும் பெரிதாகி, விளங்கவேண்டிய சொல்லை மூடியிருக்கும். போதாததற்கு, மெல்லிய சத்தம் கேட்காத காதுக்குப் பெரிய சத்தம் சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். "கொஞ்சம் பலமாக் கதையும்" என்று கேட்டவரே அடுத்த நிமிடம் "கத்தாதேயும்" என்று சினப்பது இதனால்தான். உங்கள் கணவருக்கு இந்தப் பந்தியைக் காட்டுங்கள்.

உங்கள் ஓடியோகிராமுக்கு ஏற்பச் சரிசெய்த செவிப்புலன் கருவி வேறு. அது எந்த மீடிறனில் குறை இருக்கிறதோ அங்கே கூட்டும், பெரிய சத்தத்தை ஓர் எல்லையில் நிறுத்தும். முகம் பார்க்கும் திசையிலிருந்து வரும் ஒலிக்கு முன்னுரிமை கொடுக்கும் இரட்டை மைக்கும் பலவற்றில் உண்டு. இரைச்சல் குறைக்கும் வசதி என்று விளம்பரங்களில் பெரிதாகப் போடுவார்கள். அது காதுக்கு இதமாக இருக்கும், களைப்பைக் குறைக்கும். சொல் விளங்குவதில் அதன் பங்கு குறைவு. நாலு பக்கமும் சத்தம் உள்ள மண்டபத்தில் மிக விலையுயர்ந்த கருவியும் திணறத்தான் செய்யும். இதை வாங்க முன்னரே தெரிந்துகொண்டால் பிறகு அலுமாரிக்குள் போட்டுப் பூட்டமாட்டீர்கள்.

கருவி போட்டால் காது சோம்பலாகி இருக்கிறதும் போய்விடும் என்று ஊரில் சொல்வது தவறு. சரியாகப் பொருத்திய கருவி காதைக் கெடுக்காது. பழகச் சில கிழமைகள் எடுக்கும். முதல் நாட்களில் பேப்பர் கசங்குவதும் தண்ணீர் விழுவதும் எரிச்சலாக இருக்கும், மறந்துபோன ஒலிகள் அல்லவா. வாங்க முன்னர் சில கிழமைகள் பரீட்சார்த்தமாகப் போட்டுப் பார்க்கத் தருவார்களா, பிறகு திரும்பத் திரும்பச் சரிசெய்து தருவார்களா என்று கேளுங்கள். கடையின் பெயரைவிட அது முக்கியம். பணம் சிரமமென்றால் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவி ஏதும் உண்டா என்று விசாரியுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

வகுப்பறையில்

கருவி வரும்வரை காத்திராமல் நாளைக்கே செய்யக்கூடியது தூரத்தைக் குறைப்பது. வெளியான இடத்தில் உங்களுக்கும் பேசுபவருக்கும் உள்ள தூரம் பாதியானால் அவர் குரல் 6 டெசிபல் கூடும். எதிரொலிக்கும் அறைக்குள் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் பின்வாங்குப் பிள்ளை பதில் சொல்லும்போது இரண்டு வரிசை நடந்து போனீர்களென்றால் எந்தக் கருவியும் இல்லாமலே நல்ல வித்தியாசம் தெரியும். சத்தத்தில் திணறும் காதுக்கு இரண்டு மூன்று டெசிபல்கூடப் பெரிய உதவி. மேசைக்குப் பக்கத்தில் நின்று "சத்தமாச் சொல்லும்" என்று கேட்பதைவிட நடப்பது எவ்வளவோ மேல். கத்திச் சொல்லும்போது உயிரொலிதான் அதிகம் பெருக்கும், உங்களுக்குத் தேவையான வல்லினம் அந்த அளவுக்குப் பெருக்காது.

பதில் சொல்பவர் எழுந்து, உங்களைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று வகுப்பில் ஒரு விதி வையுங்கள். 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு மூடும், 'த'வுக்கும் 'க'வுக்கும் மூடாது. காது தவறவிடும் இடத்தில் கண் கொஞ்சம் பிடித்துக்கொடுக்கும். நல்ல காதுள்ளவர்களும் சத்தத்தில் இதைத் தெரியாமலே செய்கிறார்கள். நீங்கள் யன்னலுக்கு முகம் கொடுத்து நின்றால் பிள்ளைகளின் முகம் நிழலாகத் தெரியும். யன்னல் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும், வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழும்.

நம்முடைய பல பாடசாலைகளில் ஒரு நீண்ட மண்டபத்தைப் பலகைத் தட்டியால் மறித்து இரண்டு மூன்று வகுப்பு நடக்கும். அரைச்சுவர், சீமெந்துத் தரை, தகரமோ ஓடோ கூரை. ஒலி பட்டுத் திரும்பித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஆசிரியரின் குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது உயர்ந்திருக்கவேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. அது பிள்ளைகளின் நல்ல காதுகளுக்கே சொல்லப்பட்டது! மேலே உங்கள் பாடசாலைக்குப் பக்கத்தில் கோயில் வேறு. திருவிழாக் காலத்தில் விடியற்காலை தொடங்கும் ஒலிபெருக்கி பத்து மணிப் பாடம் வரை ஓடினால் நாற்பது பிள்ளைகளுக்கும் அது இடைஞ்சல்தான். கோயில் நிர்வாகத்திடம் அதிபர் ஒருமுறை கதைத்தால் பாட நேரத்தில் ஒலியைக் குறைக்கலாம் என்று நினைக்கிறேன். சாமிக்கு அதனால் குறை வராது.

கருவி எடுத்த பிறகும் வகுப்பில் சிரமம் இருந்தால், அதோடு இணையும் சிறிய மைக் ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். பதில் சொல்லும் பிள்ளையின் கைக்குக் கை அது போகும், குரல் நேராக உங்கள் கருவிக்கு வரும். வாய்க்குப் பக்கத்தில் மைக் இருப்பதால் தூரமும் எதிரொலியும் ஒரேயடியாக விலகிவிடுகின்றன. சத்தமான இடத்துக்கு இதைவிடப் பலன் தரும் ஒன்றை நான் அறியேன். விலை குறைவல்ல, எல்லாக் கருவியோடும் சேராது. அதனால் கருவி தெரிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பேச்சைத் தமிழில் எழுத்தாக்கும் வசதி ஸ்மார்ட்போனிலும் இருக்கிறது. கூட்டத்தில் அதுவும் தடுமாறும், ஆனாலும் ஆசிரியர் கூட்டத்தில் பேசுபவருக்கு முன்னால் வைத்தால் கைகொடுக்கும்.

அதிபரிடம் சொல்வது

சொல்லுங்கள். பிள்ளைகள் ஏற்கனவே கவனித்துவிட்டார்கள், சக ஆசிரியர்களும் கவனித்திருப்பார்கள். சொல்லாமல் விட்டால் "இப்ப ரீச்சருக்கு முந்தினமாதிரிக் கவனமில்லை" என்ற கதைதான் மிஞ்சும். போகும்போது வைத்தியரின் கடிதத்தையும், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் கொண்டுபோங்கள்: வீதிக்கும் கோயிலுக்கும் தள்ளியிருக்கும் அறை, பக்கத்தில் தட்டி இல்லாத வகுப்பு, முடிந்தால் பிள்ளைகள் குறைந்த வகுப்பு. இப்படிக் குறிப்பாகக் கேட்டால் அதிபருக்கும் செய்வது சுலபம்.

உரிமை என்று பார்த்தால், இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. வேலைக்கு எடுப்பதிலும் கல்வி நிறுவனத்தில் அனுமதிப்பதிலும் வலுவிழப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது அது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்திருக்கிறது. ஆனால் வேலையில் ஏற்கனவே இருப்பவர் அறை மாற்றிக் கேட்பதற்கு இவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை உங்கள் தொழிற்சங்கத்திடமோ ஒரு சட்டத்தரணியிடமோ கேளுங்கள். அந்த அளவுக்குப் போகத் தேவை வராது என்றே எண்ணுகிறேன்.

வீட்டில் கணவருக்கு ஒரு வேண்டுகோள். குசினியில் தண்ணீர் ஓடும்போது விறாந்தையிலிருந்து கதை தொடங்கவேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மனைவி திரும்பிப் பார்த்த பிறகு சொல்லுங்கள். விளங்காவிட்டால் அதே வசனத்தைக் கத்தாமல் வேறு சொல்லில் சொல்லிப் பாருங்கள். "தேவையில்லாத கதை மட்டும் கேக்குது" என்கிறீர்களே, அந்தக் கதைகளெல்லாம் அமைதியான பின்னேரங்களில் பக்கத்தில் இருந்து சொன்னவையாக இருந்திருக்கும்.

இனி என்ன செய்வது

காதுக் குறும்பி அடைத்திருக்கிறதா, செவிப்பறையில் பழைய துளை ஏதும் உண்டா என்று முதலில் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் பழைய ஓடியோகிராமோடு வாருங்கள். நீரிழிவு மாத்திரை எடுப்பதாக எழுதியிருந்தீர்கள், எடுக்கும் மருந்துகளின் விபரத்தையும் கொண்டுவாருங்கள். கருவிப் பரீட்சையைத் தவணை விடுமுறையில் தொடங்கினால் வீட்டில் பழகிவிட்டு வகுப்புக்குப் போகலாம். ஒரு தவணை முழுவதும் இவற்றோடு கற்பித்துப் பார்த்த பிறகும் முடியவில்லை என்றால், அந்தக் கடிதத்தைப் பற்றி மறுபடியும் கதைப்போம்.

உங்கள் குறை இரண்டு காதிலும் ஒரேயளவாக, மெதுவாக வந்தது. அப்படியல்லாமல் ஒரு காது மட்டும் திடீரென்று ஒரு நாளிலோ மூன்று நாளுக்குள்ளோ மந்தமானால் அது அவசரம். சளி என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இருக்கவேண்டாம், கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அதற்குரிய மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குக் கேள்திறன் மீளும் வாய்ப்பு அதிகம், அன்றைக்கே வைத்தியசாலைக்கு வாருங்கள். ஒரு காதில் மட்டும் விடாத இரைச்சல், தலைசுற்றலோடு வரும் மந்தம், காதிலிருந்து சீழ் அல்லது இரத்தம் என்றாலும் தாமதிக்காமல் காட்டுங்கள்.